அன்சைன்டு எண்ணும் முடியாத லூப்பும்

சி மொழியில் ஒரு அரேயை, அதாவது வரிசையாக அடுக்கிய மதிப்புகளை, கடைசி உறுப்பிலிருந்து முதல் உறுப்புவரை பின்னோக்கிப் படிக்க வேண்டும். உறுப்பின் இட எண்ணான இண்டெக்ஸ் ஒருபோதும் மைனஸாக இருக்க முடியாது. எனவே அதை அன்சைன்டு (மைனஸ் குறியே இல்லாத முழு எண் வகை) என்று அறிவிப்பதே ஒழுங்கு என்று தோன்றும், கையும் தானாக எழுதிவிடும்:

ஃபார் (அன்சைன்டு இ = நீளம் - 1; இ >= 0; இ--)

மாறிகளுக்கு வேண்டுமென்றேதான் தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறேன். ஜிசிசி கம்பைலர் 10-ஆம் பதிப்பிலிருந்து இப்படி நேரடியாகத் தமிழில் எழுதிய பெயர்களை ஏற்றுக்கொள்கிறது. மொழிக்கே உரிய ‘ஃபார்’, ‘அன்சைன்டு’ போன்ற சொற்களை மட்டும் நீங்கள் ஆங்கில எழுத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த லூப் முடியாது. இ பூஜ்ஜியத்தை அடைகிறது, அதற்கான வேலை நடக்கிறது, பிறகு ஒன்று கழிக்கப்படுகிறது. 32 பிட் அன்சைன்டு மாறியில் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் 4294967295 வரும். அதுவும் பூஜ்ஜியத்தைவிடப் பெரியதுதான், ஆகவே லூப் தொடர்கிறது. சொல்லப்போனால் ‘இ >= 0’ என்ற நிபந்தனை இந்த வகை மாறிக்கு எந்நாளும் பொய்யாகாது. கம்பைலருக்கு இது தெரியும். வேகத்துக்காக மேம்படுத்தச் சொன்னால் அந்தச் சோதனையையே தூக்கி எறிந்துவிடும், அதற்கு அதில் எந்தத் தயக்கமும் இல்லை.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். இதே லூப் மாறியின் அகலத்தைப் பொறுத்து இரண்டு வேறு விதமாகக் கெட்டுப்போகும் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 64 பிட் கணினியில், நான்கு பைட் உறுப்புகள் கொண்ட ஒரு அரேயில், 4294967295-ஆவது இடம் என்பது அரேயின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 16 ஜிபி தள்ளி இருக்கிறது. அங்கே பெரும்பாலும் நமக்குச் சொந்தமான நினைவகம் எதுவும் இருக்காது. இயங்குதளம் உடனே நிரலைக் கொன்றுவிடும். எந்த வரியில் செத்தது என்று டிபக்கர் காட்டிவிடும். இப்படிச் சாவது நல்ல சாவு.

இப்போது நல்ல பழக்கம் என்று சொல்லித் தரப்படுவதைப் பின்பற்றி, அன்சைன்டு என்பதற்குப் பதிலாக, அளவுகளைக் குறிக்க சி வைத்திருக்கும் அன்சைன்டு வகையான சைஸ்_டி என்று எழுதுங்கள். 64 பிட் கணினிகளில் சைஸ்_டி 64 பிட் அகலம். பூஜ்ஜியத்துக்குப் பிறகு இ-யின் மதிப்பு 18446744073709551615. அதை நான்கால் பெருக்கி அரேயின் முகவரியோடு கூட்டினால் முகவரிக் கணக்கும் சுற்றிக்கொண்டு, அரேயின் தொடக்கத்துக்கு நான்கு பைட் முன்னால் வந்து நிற்கும். சி தரத்தின்படி இது வரையறுக்கப்படாத நடத்தை, எது வேண்டுமானாலும் நடக்கலாம். நடைமுறையில் இன்டெல், ஆர்ம் இயந்திரங்களில் பொதுவாக நடப்பது இதுதான்: நிரல் சாகாமல், அரேக்கு முன்னால் இருக்கும் நினைவகத்தைச் சத்தமில்லாமல் மேய ஆரம்பிக்கிறது. மாலாக் (நிரல் ஓடும்போது நினைவகம் தரும் சார்பு) மூலம் வாங்கிய நினைவகமாக இருந்தால், லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி தன் கணக்குக் குறிப்பை வைத்திருப்பது அந்த இடத்தில்தான். லூப் அங்கே எதையாவது எழுதினால் அந்தக் குறிப்பு அழிந்துபோகும். கொஞ்ச தூரம் போய் லூப் செத்துவிட்டால் பிழைத்தோம். உள்ளே வேறு ஏதாவது காரணத்துக்காக ஒரு பிரேக் இருந்து லூப்பை விட்டு வெளியே வந்துவிட்டால், எங்கோ தொலைவில் யாரோ நினைவகத்தைத் திருப்பித் தர ஒரு ஃப்ரீ அழைக்கும்போது நிரல் முறிந்து விழும். குற்றம் நடந்தது ஓரிடம், பிணம் கிடைப்பது வேறிடம்.

பின்னோக்கி ஓடும் லூப்பைவிட முன்னோக்கி ஓடும் லூப்பைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன். பின்னோக்கிய லூப் முதல் ஓட்டத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், முன்னோக்கியது அப்படிச் செய்யாது. பக்கத்துப் பக்கத்து உறுப்புகளை ஒப்பிட்டு, அரே வரிசையாக இருக்கிறதா என்று பார்க்கும் இந்த லூப்பைப் பாருங்கள்:

ஃபார் (சைஸ்_டி இ = 0; இ < நீளம் - 1; இ++)

உள்ளே இ-ஆவது உறுப்பையும் இ + 1-ஆவது உறுப்பையும் ஒப்பிடுகிறோம். பத்து உறுப்புக்குச் சரி, இரண்டுக்குச் சரி, ஒன்றுக்கும் சரி. நீளம் பூஜ்ஜியமாக இருக்கும்போது மட்டும் ‘நீளம் - 1’ மாபெரும் எண்ணாகி, ஒரு உறுப்பும் இல்லாத அரேக்குள் லூப் நுழைந்துவிடும். சோதனைத் தரவாக வெறும் அரேயைக் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? வாடிக்கையாளரின் வெறும் கோப்புதான் அந்தச் சோதனையைச் செய்யும், பெரும்பாலும் விடுமுறை நாளில்.

நிவர்த்தி எளிது. கழித்தலை எடுத்துவிட்டு மறுபக்கம் கூட்டலாக எழுத வேண்டும்: ‘இ + 1 < நீளம்’. பள்ளி இயற்கணிதத்தில் இரண்டும் ஒன்றே. சி மொழியின் அன்சைன்டு கணக்கில் இரண்டும் வேறு. என்னிடம் மறுஆய்வுக்கு வரும் நிரல்களில், லூப் நிபந்தனைக்குள் ஒரு அன்சைன்டு மாறியிலிருந்து எதையாவது கழித்திருப்பதைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவேன். பிழையாக இருக்கிறதோ இல்லையோ, மாற்றி எழுதச் சொல்வேன். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

கூட்டலுக்கு மாற்றுவதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒன்றைக் கூட்டினால் தொல்லையில்லை. வெளியிலிருந்து வரும் ஓர் அகலத்தைக் கூட்டி ‘இ + அகலம் <= நீளம்’ என்று எழுதினால், அந்த அகலத்தை ஒரு விஷமி மிகப் பெரிய எண்ணாகக் கொடுக்க, கூட்டல் சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகி, சோதனையைத் தாண்டிவிடும். அங்கே முதலில் ‘அகலம் <= நீளம்’ என்று உறுதிப்படுத்திவிட்டு, பிறகு ‘இ <= நீளம் - அகலம்’ என்று கழிப்பதுதான் பத்திரம். சற்று முன் கழிக்கவே கூடாது என்றேனே என்று கேட்காதீர்கள். கழிக்கும் முன் கழிக்க முடியுமா என்று பார்த்துவிட்டால் கழிக்கலாம்.

இந்தத் தொல்லைகளின் வேர், பலர் மனதில் அன்சைன்டு வகை ‘இதில் மைனஸ் வராது’ என்ற உறுதிமொழியாகப் பதிந்திருப்பதுதான். சி தரம் அப்படி எதையும் உறுதி கூறவில்லை. அன்சைன்டு கணக்கு நிரம்பி வழியாது என்றும், வரும் விடை அந்த வகையின் பெரும எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அதனால் வகுத்தால் மிஞ்சும் மீதியாக இருக்கும் என்றும் சொல்கிறது. பழைய அம்பாசிடர் காரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 காட்டும் அல்லவா, அந்தச் சுற்றல்தான் இங்கே சட்டம். முன்னாலும் சுற்றும், பின்னாலும் சுற்றும். இதைப் பிழை என்று யாரும் எச்சரிக்க மாட்டார்கள், ஏனென்றால் மொழியின் பார்வையில் இது பிழையே இல்லை.

இப்படிச் சுற்றியதில் உலகப் புகழ் பெற்றது சி மொழி நிரலே அல்ல, 1980-இல் நாம்கோ வெளியிட்ட பேக்மேன். அதில் எத்தனையாவது கட்டம் என்பது 8 பிட்டில், பூஜ்ஜியத்திலிருந்து எண்ணி வைக்கப்பட்டிருந்தது. திரையின் கீழே பழங்களை வரையும் பகுதி அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். 256-ஆவது கட்டத்தில் 255-உடன் ஒன்று சேர்ந்து பூஜ்ஜியம் ஆனது. வரையும் லூப்போ முதலில் ஒரு பழத்தை வரைந்து, பிறகு ஒன்றைக் கழித்து, அதன் பின்னரே பூஜ்ஜியமா என்று பார்க்கும். பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியதால் 256 முறை ஓடி, பழப் பட்டியலுக்கு அப்பால் இருந்த நினைவகத்தையெல்லாம் பழம் என்று நினைத்து வரைந்து தள்ளியது. திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் குப்பையும். அந்தக் கட்டத்தை முறையாக முடிக்கவே முடியாது.

பேக்மேனைச் சொன்னால் உடனே யாராவது சிவிலைசேஷன் விளையாட்டில் காந்தி அணுகுண்டு போட்ட கதையைச் சொல்வார்கள். காந்தியின் ஆக்ரோஷ அளவு 1 என்றும், அதிலிருந்து 2 கழிக்க அது 255 ஆனது என்றும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடக்காத ஒன்று. விளையாட்டை உருவாக்கிய சிட் மையரே 2020-இல் அதை மறுத்து எழுதிவிட்டார். நல்ல உதாரணம் பொய்யாகப் போனதில் எனக்கும் வருத்தம்தான்.

அடுத்து, அன்சைன்டும், மைனஸ் எண்களையும் ஏற்கும் சைன்டும் சந்திக்கும் இடம். ஒரே அகலமுள்ள ஒரு சைன்டு எண்ணையும் அன்சைன்டு எண்ணையும் ஒப்பிட்டால், சி மொழி சைன்டை அன்சைன்டாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடும். மைனஸ் 1, அன்சைன்டு 1-ஐவிடச் சிறியதா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும். மைனஸ் 1-லிருந்து தொடங்கும் ஓர் இன்ட் மாறியை ஸ்டிர்லென் தரும் நீளத்தோடு ஒப்பிட்டு லூப் எழுதினால், அந்த லூப் ஒரு தடவைகூட ஓடாது. முடியாத லூப்புக்கு நேர் எதிரான நோய் இது. தொடங்காத லூப் எந்த ஆரவாரமும் செய்வதில்லை. வேலை நடக்கவில்லை என்பது மட்டும் பிறகு தெரியவரும்.

யூனிக்ஸில் கோப்பைப் படிக்கும் ரீட் அழைப்பு, பிழை நேர்ந்தால் மைனஸ் 1 தரும். அதை வாங்கிக்கொள்ளத்தான் போசிக்ஸ் தரம் எஸ்சைஸ்_டி என்ற சைன்டு வகையை வைத்திருக்கிறது. முதல் எழுத்தை விட்டுவிட்டு சைஸ்_டியில் வாங்கி, ‘பூஜ்ஜியத்தைவிடப் பெரியதாக இருக்கும்வரை’ என்று வைல் லூப் எழுதினால், பிழை நேரும் கணத்தில் 18446744073709551615 பைட் படித்துவிட்டதாக நிரல் நம்பும். அவ்வளவு பைட்டையும் எடுத்து அடுத்த இடத்துக்கு எழுதவும் புறப்படும்.

இது பாதுகாப்பு ஓட்டையாகவும் ஆனதுண்டு. 2002 ஆகஸ்டில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளக் குழு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கெட்பியர்நேம் உள்ளிட்ட சில சிஸ்டம் அழைப்புகள், பயனர் கொடுக்கும் நீளத்தை சைன்டு எண்ணாக வாங்கின. மேல் வரம்பைத் தாண்டுகிறதா என்று சோதித்தன, மைனஸாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மைனஸ் எண் எந்த மேல் வரம்பையும் தாண்டாதே! சோதனையில் தேறிய அந்த எண், நினைவகத்தை நகலெடுக்கும் இடத்தில் அன்சைன்டாக மாறி, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவகத்தில் பெரும் பகுதியைப் பயனரிடம் கொட்டும் வாய்ப்பைத் திறந்துவிட்டது. இங்கே சைன்டு மட்டுமே இருந்திருந்தாலும் சரி, அன்சைன்டு மட்டுமே இருந்திருந்தாலும் சரி, இந்த ஓட்டை இந்த வடிவில் வந்திருக்காது.

எழுத்துகளை வைக்கும் ஒரு பைட் வகையான சார் வகையின் கதை தனி. அது சைன்டா அன்சைன்டா என்று சி தரம் தீர்மானிக்கவே இல்லை, அந்தந்தக் கம்பைலரிடம் விட்டுவிட்டது. இன்டெல் லினக்ஸில் சார் சைன்டு, ஆர்ம் லினக்ஸில் அன்சைன்டு. ஓர் எழுத்தைப் படிக்கும் கெட்சார் தரும் மதிப்பை ஒரு சார் மாறியில் வாங்கி, இஓஎஃப் (கோப்பு முடிந்தது என்ற குறி) வரும்வரை படிக்கும் லூப்பைப் பலர் எழுதுகிறார்கள். மடிக்கணினியில் ஒழுங்காக ஓடும். அதே நிரலை ஆர்ம் சில்லு கொண்ட ஒரு ராஸ்பெர்ரி பை கணினியில் கம்பைல் செய்தால் இஓஎஃப்-இன் மைனஸ் 1 அங்கே 255 ஆகிவிடும், 255 ஒருபோதும் மைனஸ் 1-க்குச் சமமாகாது, லூப் நிற்காது. கெட்சார் இன்ட் தருவது காரணத்தோடுதான், அதை இன்டிலேயே வாங்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனிப் பங்கும் உண்டு. யூடிஎஃப்-8-இல் தமிழ்ப் பகுதியின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், மூன்றுமே 127-க்கு மேற்பட்டவை. முதல் பைட் எப்போதும் 224. சார் சைன்டாக இருக்கும் கணினியில் அது மைனஸ் 32. எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ண 256 இடமுள்ள அரே வைத்து, சார் மதிப்பையே இண்டெக்ஸாகப் போட்டால், ஆங்கிலக் கோப்புக்கு அருமையாக ஓடும் நிரல் தமிழ்க் கோப்பின் முதல் எழுத்திலேயே அரேக்கு வெளியே போய் எழுதும். இங்கே நமக்குத் தேவைப்படுவது அன்சைன்டு சார்தான். அன்சைன்டு ஒழிக என்று நான் கொடி பிடிக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

சின்ன வகைகளில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 8 பிட், 16 பிட் அன்சைன்டு எண்கள் கணக்கில் இறங்கும்போது, வழக்கமான கணினிகளில் முதலில் இன்ட் ஆகிவிடும், அதாவது சைன்டு ஆகிவிடும். பழைய யூனிக்ஸ் கம்பைலர்கள் சில அவற்றை அன்சைன்டாகவே வைத்திருந்தன. 1989-இல் ஆன்சி தரம் வந்தபோது மதிப்பைக் காப்பதே முக்கியம் என்று முடிவு செய்தார்கள். இதன் விளைவைப் பாருங்கள். நீளம் என்பது 8 பிட் மாறியாக இருக்கும்போது, மேலே சொன்ன ‘நீளம் - 1’ உண்மையாகவே மைனஸ் 1 ஆகும். லூப் மாறியும் அதே 8 பிட்டாக இருந்தால் வெறும் அரேக்கு அது நுழையாது. 255 போதவில்லை என்று யாரோ நல்லெண்ணத்தோடு நீளத்தை 32 பிட் அன்சைன்டாக அகலப்படுத்துகிறார். அன்று முதல் அதே வரி வெடிகுண்டு. அந்த லூப்பை யாரும் தொடவே இல்லை, மாற்றம் நடந்தது வேறொரு ஹெடர் கோப்பில். நேர்மாறாக, 8 பிட் லூப் மாறியை 300 வரை ஓடச் சொன்னால் அது 255-இல் திரும்பிப் பூஜ்ஜியத்துக்கு வந்து, வாழ்நாள் முழுக்க ஓடும். மைக்ரோகண்ட்ரோலர்களில் வேலை செய்கிறவர்கள் இதைப் பார்க்காமல் ஓய்வு பெற முடியாது.

அப்படியென்றால் சுற்றும் எண் எதற்கு? கடிகாரத்துக்கு. ஆர்டுயினோவின் மில்லிஸ் சார்பு, பலகை தொடங்கியதிலிருந்து கடந்த மில்லிவினாடிகளை 32 பிட்டில் தருகிறது, 49.7 நாளில் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். விண்டோஸ் 95-உம் 98-உம் இதே 49.7 நாளில் உறைந்துபோகும் குறையோடு வெளிவந்தன. ஆனால் ‘இப்போது - தொடக்கம் >= இடைவெளி’ என்று எழுதினால் கடிகாரம் நடுவில் சுற்றியிருந்தாலும் விடை சரியாகவே வரும், ஏனென்றால் கழித்தலும் சேர்ந்தே சுற்றுகிறது. ‘இப்போது >= தொடக்கம் + இடைவெளி’ என்று எழுதினால் கெட்டது. லூப் நிபந்தனையில் கழிக்காதே என்று சொன்ன அதே வாய் இங்கே கழி என்கிறது. எண்ணிக்கையும் கடிகாரமும் வேறு வேறு விஷயங்கள், ஒரே வகையில் அடைத்ததுதான் சிக்கல். லினக்ஸ் கெர்னலில் இதற்காகவே ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. ஜிஃபிஸ் என்னும் அதன் உள்கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதில்லை. கணினி எழுந்த ஐந்தாவது நிமிடத்தில் 32 பிட் எல்லையைத் தாண்டும்படி மதிப்பு வைக்கப்பட்டிருக்கிறது. தவறான ஒப்பீடு உள்ள டிரைவர் நிரல் 49 நாள் காத்திருக்காமல், எழுதியவர் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் விழுந்துவிடும்.

மற்ற மொழிகள் இதில் பக்கம் சேர்ந்துவிட்டன. ஜாவாவில் சார் தவிர அன்சைன்டு முழு எண் வகையே கிடையாது. கோ மொழியில் அன்சைன்டு உண்டு, ஆனால் லென் சார்பு தருவது சைன்டு இன்ட். கூகுளின் சி++ நடைக் கையேடு, மைனஸ் வராது என்று சொல்வதற்காக அன்சைன்டைப் பயன்படுத்தாதே என்று நேரடியாகவே சொல்கிறது. சி++20-இல் சைன்டாக நீளம் தரும் எஸ்சைஸ் சேர்க்கப்பட்டது. வேகத்துக்காக அன்சைன்டு என்று வாதிடுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. சைன்டு எண் நிரம்பி வழிவது வரையறுக்கப்படாத நடத்தை என்பதால், லூப் எத்தனை முறை ஓடும் என்று கம்பைலர் தைரியமாகக் கணக்கிட்டுக்கொள்ளும். 32 பிட் அன்சைன்டு இண்டெக்ஸ் எங்கே சுற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தில் 64 பிட் கணினியில் சில மேம்பாடுகளைக் கைவிட வேண்டியிருக்கும்.

சி மொழியில் எழுதுகிறவருக்கு இந்தச் சுதந்திரம் முழுதாக இல்லை. சைஸ்ஆஃப், ஸ்டிர்லென் எல்லாம் சைஸ்_டி தருகின்றன, மாலாக் அதைத்தான் கேட்கிறது. நூலகத்தின் வாசலில் சைஸ்_டியை ஏற்றுக்கொள்ளுங்கள், உள்ளே கழித்தல் நடக்கும் கணக்குகளுக்கு பிடிஆர்டிஃப்_டி போன்ற அகலமான சைன்டு வகைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பதே என் கட்சி. சைஸ்_டியிலேயே பின்னோக்கி ஓட வேண்டுமென்றால் இந்த வடிவம் போதும்:

ஃபார் (சைஸ்_டி இ = நீளம்; இ-- > 0; )

முதலில் ஒப்பிட்டு, பிறகு குறைத்து, அதன் பின்னரே உள்ளே நுழைகிறது. நீளம் பூஜ்ஜியமாக இருந்தால் நுழையவே நுழையாது. பார்க்கக் கோணலாக இருப்பதாகப் புதியவர்கள் முகம் சுளிப்பார்கள், இரண்டு வாரத்தில் பழகிவிடும். தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே என்று எல்லைகளை வைத்துக்கொண்டால் பைனரி தேடலிலும் தொல்லை பாதியாகக் குறையும். முடிவையும் உள்ளே சேர்த்து, ‘மேல் = நடு - 1’ என்று எழுதும் பழைய பாணியில், நடு பூஜ்ஜியமாக இருக்கும்போது ‘மேல்’ என்ற மாறி வானத்துக்குப் போய்விடும். தேடும் எண் எல்லா உறுப்புகளையும்விடச் சிறியதாக இருந்தால் மட்டும் அது நடக்கும். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-இல் இந்த அரைத்திறந்த எல்லைக்காக வாதிட்டபோது அவர் மனதில் இருந்தது கணித அழகுதான், ஆனால் சைஸ்_டிக்கும் அதுவே மருந்தாக அமைந்தது.

கம்பைலர் உதவுமா என்றால், கேட்டால் உதவும். ஜிசிசியில் ‘வால்’ (-Wall) எச்சரிக்கைகளை மட்டும் போட்டுவிட்டு எல்லாம் போட்டுவிட்டதாக நினைக்கிறவர்கள் அதிகம். சி நிரலுக்கு சைன்டு–அன்சைன்டு ஒப்பீடு பற்றிய எச்சரிக்கையும், ‘இ >= 0 எப்போதும் உண்மை’ என்ற எச்சரிக்கையும் ‘எக்ஸ்ட்ரா’வில்தான் (-Wextra) இருக்கின்றன. ‘நீளம் - 1’ பற்றி அதுவும் வாய் திறக்காது. அதற்கு கிளாங் கம்பைலரில், அன்சைன்டு எண் சுற்றும் இடத்தை ஓட்டத்தின்போதே பிடிக்கும் ஒரு சானிடைசர் இருக்கிறது. வரையறுக்கப்படாத நடத்தைக்கான பொதுச் சானிடைசரில் அது சேராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். முதல் ஓட்டத்தில் எஃப்என்வி போன்ற ஹேஷ் சார்புகளும் கடிகாரக் கழித்தல்களும்தான் வரிசையாகப் புகாராக வந்து குவியும். அவை சுற்றுவதற்காகவே எழுதப்பட்டவை. ஒவ்வொன்றாகப் பார்த்து, இங்கே சுற்றலாம் என்று அந்தச் சார்புகளின் தலையில் விலக்குக் குறி போட்டுக்கொண்டே வந்தால், குறி போட முடியாமல் மிஞ்சும் புகார்கள் சில இருக்கும். மறுஆய்வை அங்கிருந்து தொடங்கலாம்.